தைமஸ்: நம் உடம்பை நம் படையிடமிருந்து காக்கும் சுரப்பி

[திரையில்: கைக்குழந்தையின் நெஞ்சு எக்ஸ்ரே]

இதயத்துக்கு மேலே, ஒரு பக்கமாகக் கப்பல் பாய் விரித்தது மாதிரி ஒரு நிழல் தெரிகிறதா? கட்டியோ என்று பெற்றோர் பதறிவிடுவார்கள். பதற வேண்டாம், அது தைமஸ். குழந்தைகளுக்குப் பெரிதாகத்தான் இருக்கும். பருவ வயதுக்குப் பிறகு மெல்லச் சுருங்கி, அந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்துவிடும்.

இது புரியாமல் நடந்த ஒரு கொடுமையைச் சொல்லியாக வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், பெரிய தைமஸ் குழந்தையின் மூச்சை அடைத்துவிடும் என்று நம்பி, அமெரிக்காவில் ஏராளமான குழந்தைகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் தைராய்டு புற்றுநோய் வந்தது. நன்றாக இருந்த உறுப்புக்குத்தான் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

வளர்ந்த விலங்கிலிருந்து தைமஸை எடுத்தால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அதனால் அதை யாரும் மதிக்கவில்லை. லண்டனில் ரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்த ஜாக் மில்லர், பிறந்தவுடனே சுண்டெலிக் குட்டிகளின் தைமஸை எடுத்துப் பார்த்தார். குட்டிகள் நோஞ்சானாகி, தொற்று வந்து செத்தன. வேறு இனச் சுண்டெலியின் தோலை ஒட்டினால், எதிர்க்க ஆளில்லாததால், உதிரவில்லை. அதில் முடிகூட வளர்ந்தது. 1961இல் அவர் இதை வெளியிட்டார். நம் எதிர்ப்புப் படையில் ஒரு வகை வெள்ளையணுதான் டி செல். அந்தப் பெயரில் உள்ள 'டி' தைமஸைத்தான் குறிக்கிறது.

[திரையில்: தைமஸின் குறுக்குவெட்டு]

சரி, உள்ளே என்ன நடக்கிறது? எலும்பு மஜ்ஜையிலிருந்து, டி செல்லாக வேண்டிய முதிராத செல்கள் இங்கே வருகின்றன. ஒவ்வொன்றும் சீட்டுக்கட்டைக் கலைப்பது போல மரபணுத் துண்டுகளைக் கலைத்துச் சேர்த்து, எதிரியை அடையாளம் காணத் தனக்கென்று ஓர் ஏற்பியைச் செய்துகொள்கிறது. நாளை எந்தக் கிருமி வரும் என்று தெரியாதே! ஆனால் அதே குலுக்கலில் நம் உடம்பையே தாக்கும் ஏற்பிகளும் விழும்.

வெளிப்பகுதியில் முதல் சோதனை. நம் செல்கள் புரதத் துணுக்குகளை எம்எச்சி என்ற மூலக்கூறில் ஏந்திக் காட்டும். அதைத் தொட்டு உணரத் தெரியாத டி செல் இங்கேயே செத்துப்போகும். உட்பகுதியில் நேர்மாறு: நம் சொந்தப் புரதத்தை இறுகப் பற்றினால் பெரும்பாலும் சாவுதான். நூற்றில் ஐந்துகூடத் தேறுவதில்லை.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி: இன்சுலின் சுரப்பது கணையத்தில். நெஞ்சுக்குள் வளரும் டி செல் அதை எங்கே பார்க்கும்? தைமஸின் உட்பகுதிச் செல்களே இன்சுலினைக் கொஞ்சம் தயாரித்துக் காட்டுகின்றன! தைராய்டு, குடல் என்று உடம்பின் ஆயிரக்கணக்கான புரதங்களுக்கும் அங்கே மாதிரி உண்டு. இதைப் பெரும்பாலும் நடத்துவது 1997இல் கண்டுபிடிக்கப்பட்ட 'ஏர்' என்ற மரபணு. அது பழுதானால் பாராதைராய்டும் அட்ரினல் சுரப்பியும் சொந்த டி செல்களாலேயே அழிகின்றன. குழந்தையின் வாயில் பூஞ்சைத் தொற்று விடாமல் வரும். பின்லாந்திலும் இத்தாலியின் சார்டினியாத் தீவிலும் இந்த நோய் மற்ற இடங்களைவிட அதிகம்.

அப்புறம் ஒரு புதிர். 1969இல் ஜப்பானின் நகோயாவில் நிஷிசுகாவும் சகாகுராவும் சுண்டெலிக் குட்டிகளின் தைமஸைப் பிறந்த மூன்றாம் நாளில் எடுத்தார்கள். எதிர்ப்பு சக்தி குன்றும் என்றுதானே எதிர்பார்ப்போம்? ஆனால் குட்டிகளின் சூலகங்களே, அதாவது கருமுட்டை உருவாகும் உறுப்புகளே, அழிந்தன. உடம்பு தன்னைத்தானே தாக்கியிருக்கிறது. பின்னால் வந்த ஜப்பானிய ஆய்வாளர் ஷிமோன் சகாகுச்சி இதை விடவில்லை. ஆரோக்கியமான சுண்டெலியின் டி செல்களைச் செலுத்தினால் அந்த அழிவு நிற்பதைக் கண்டார்; 1995இல் அடக்கிவைக்கும் அந்த டி செல்களை அடையாளம் காட்டினார். மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் 2025இன் மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

[திரையில்: நாள் 0, நாள் 3]

மூன்றே நாளில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? தாக்கும் டி செல்கள் அதற்குள் தைமஸைவிட்டுக் கிளம்பிவிடுகின்றன. அவற்றை அடக்க வேண்டியவை அப்போதுதான் புறப்படத் தொடங்குகின்றன.