படை திரும்பும் வழி

அவைத் தலைவர் அவர்களே, அன்புக்குரிய நண்பர்களே, வணக்கம்.

ஒரு போர் எப்போது தொடங்கியது என்று கேட்டால் தேதியோடு சொல்லிவிடுகிறோம். 1990 ஆகஸ்ட் 2, குவைத்துக்குள் ஈராக் படை நுழைந்தது. 2003 மார்ச் 20, ஈராக்குக்குள் அமெரிக்கப் படை நுழைந்தது. 2022 பிப்ரவரி 24, உக்ரைன் மீது ரஷ்யா முழு அளவில் படையெடுத்தது. அந்தப் போர் எப்போது முடிந்தது என்று கேட்டால்தான் திணறிப்போகிறோம். எண்ணெயும் எரிவாயுவும் அந்த முடிவை எப்படித் தள்ளிப்போடுகின்றன என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

குவைத் போரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈராக் படையை விரட்ட 1991-இல் அமெரிக்கா தலைமையில் நடந்த தரைப்போர் 100 மணி நேரத்தில் ஓய்ந்தது. ஆனால் பின்வாங்கிய ஈராக் படை 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போனது. புகையில் வானம் இருண்டு, பட்டப்பகலில் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடின. கடற்கரைக்கு எண்ணெய் கொண்டுபோன குழாய்களிலேயே கடல்நீரை எதிர்த்திசையில் ஏற்றித்தான் தீயோடு போராடினார்கள். கடைசிக் கிணறு அடங்கும்போது நவம்பர் மாதம் ஆகிவிட்டது. சரி, அமெரிக்கப் படை வீடு திரும்பியதா? பெரும்பகுதி திரும்பியது. ஆனாலும் வளைகுடாவில் தளங்கள் நீடித்தன. ஈராக் வானத்தில் 2003 வரை போர் விமானங்கள் ரோந்து சுற்றின. அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள்.

ஏன் வெளியேற முடியவில்லை? இதற்கு ஒரே காரணம்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பெரிய காரணம் ஒன்று எண்ணெய். அதை அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் காலத்திலேயே பார்க்கலாம். 1979 ஜூலையில் அவர் தொலைக்காட்சியில் தோன்றி, 1977-இல் பயன்படுத்தியதைவிட அதிகமாக வெளிநாட்டு எண்ணெயை அமெரிக்கா இனி ஒருபோதும் பயன்படுத்தாது என்று உறுதி கூறினார். அதே ஆண்டு வெள்ளை மாளிகைக் கூரையில் வெந்நீருக்கான சூரியத் தகடுகள் ஏறின. ஆறே மாதம் கழித்து, 1980 ஜனவரியில், அதே மனிதர் இன்னொரு உறுதியும் கூறினார்: பாரசீக வளைகுடாவைக் கைப்பற்ற எந்த வெளிச்சக்தி முயன்றாலும், ராணுவ பலம் உட்படத் தேவையான எல்லா வழியிலும் தடுப்போம்.

இரண்டு வாக்குறுதிகளில் எது பிழைத்தது? தகடுகள் 1986-இல் கழற்றப்பட்டன, திரும்ப மாட்டப்படவில்லை. 1990களில் எண்ணெய் இறக்குமதி 1977-இன் அளவைத் தாண்டியது. ராணுவ வாக்குறுதி மட்டும் அடுத்தடுத்த அதிபர்களின் கையில் பத்திரமாக இருந்தது. சிக்கனத்தைக் கைவிட்டு ஆயுதத்தை வைத்துக்கொண்டார்கள். வளைகுடாவை விட்டு வெளியேறும் வழி அங்கேயே அடைபட்டது என்பது என் உறுதியான கருத்து.

2003 ஏப்ரலில் பாக்தாத் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டபோது எண்ணெய் அமைச்சகத்துக்கு அமெரிக்கப் படையின் காவல் இருந்தது. மே மாதம் ஈராக் ராணுவத்தையே கலைத்தார்கள். நாட்டைக் காக்க வேண்டிய கைகளை வெறுங்கையாக்கித் தெருவில் விட்ட பிறகு யாரிடம் பொறுப்பை ஒப்படைத்துத் திரும்புவது? 2011 டிசம்பரில் படை வெளியேறியது. 2014 ஜூனில் ஈராக்கின் பெரிய நகரமான மொசூல் ஐ.எஸ். தீவிரவாதிகளிடம் வீழ்ந்தது. அதே ஆண்டே அமெரிக்க வீரர்கள் திரும்பி வந்தார்கள்.

ஐரோப்பா வேறொரு பாதையில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. வணிகம் வளர்ந்தால் சண்டை வராது என்பது அவர்கள் நம்பிக்கை. அதை நான் பழிக்கவில்லை, நல்லெண்ணம் இருந்தது. ஆனால் 2014-இல் கிரிமியாவை ரஷ்யா பறித்த மறு ஆண்டே ரஷ்ய எரிவாயுவை ஜெர்மனிக்குக் கொண்டுவரும் நார்ட் ஸ்ட்ரீம் 2 குழாய்க்கு ஒப்பந்தம் போட்டதை என்னவென்பது? 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் 40 சதவீதத்துக்கும் மேல் ரஷ்யாவிலிருந்து வந்தது. படையெடுப்பால் விலை எகிறியது. 2022-இல் ரஷ்ய அரசின் எண்ணெய், எரிவாயு வருவாய் முந்தைய ஆண்டைவிடக் கூடியது. படையெடுத்தவனுக்கே விலையேற்றத்தின் லாபம் போய்ச் சேர்ந்தால், அவன் எதற்காகப் பின்வாங்குவான்?

ரஷ்ய எரிவாயுவுக்கு மாற்று தேட முடியாது என்று பல காலம் சொல்லப்பட்டதும் அப்போதுதான் நடந்தது. ஜெர்மனியில் கப்பல்வழி வரும் திரவ எரிவாயுவை இறக்க ஒரு முனையம்கூட இல்லாமலிருந்தது. 2022 டிசம்பரில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் முதல் முனையம் திறக்கப்பட்டது. படையெடுப்பு நடந்து பத்தே மாதம். அந்த வேகத்தில் பாதியை 2014-இல் காட்டியிருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

எந்த நாட்டு நாடாளுமன்றமானாலும் சரி, படை அனுப்பும் தீர்மானம் வரும்போது இலக்கு என்ன, எப்போது திரும்புவீர்கள் என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள். அதே அமர்வில் எரிசக்தி அமைச்சரையும் எழுப்பிக் கேட்கட்டும்: அந்தப் பகுதியின் எண்ணெயும் எரிவாயுவும் நமக்கு இன்னும் எத்தனை ஆண்டு வேண்டும், அதைக் குறைக்க இந்த ஆண்டு எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை வாக்கெடுப்பு காத்திருக்கட்டும்.