ஸ்விட்ச் ஸ்டாண்டு: டிசைன் தப்பா, நாம வைக்கிற விதம் தப்பா?

அடுத்த கேள்வி. நேயர் ஒருத்தர் எழுதியிருக்காரு: "2017-ல வந்த முதல் நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கன்சோலோட முதுகுல, டேபிள்ல நிக்க வைக்கிறதுக்காக இருக்கிற ஸ்டாண்டைப் பத்தி எனக்கும் எங்க அக்காவுக்கும் ஓயாத சண்டை. ஒல்லியா ஒரு ஓரத்துல இருக்கு, தொட்டா சாயுது, இழுத்தா கழண்டு வருது, டிசைனே தப்புங்கிறா அக்கா. கழண்டு வர்ற மாதிரி வேணும்னேதான் செஞ்சிருக்காங்கன்னு நான் சொல்றேன். யார் சொல்றது சரி?"

ரெண்டு பேரும் ரெண்டு வேற விஷயத்தைப் பேசிட்டு இருக்கீங்க, அதான் சண்டை ஓய மாட்டேங்குது. கழண்டு வர்றது ஒரு விஷயம், சாயறது வேற விஷயம். கழண்டு வர்றதுல தம்பி நீங்க சொல்றது சரி. சாயறதுல அக்கா சொல்றது சரி. எது பெரிய குறைன்னு கேட்டா, அக்கா பக்கம்தான் தராசு நல்லாவே இறங்கும்.

முதல்ல கழண்டு வர்றது. அந்த ஸ்டாண்டு ஒரு சின்ன பிளாஸ்டிக் பட்டை. மேல ரெண்டு முளை, கன்சோல் முதுகுல அதுக்கு ரெண்டு குழி. அவ்வளவுதான் கீல். ஸ்டாண்டு திறந்திருக்கும்போது யாராவது கன்சோலை மேல இருந்து அழுத்தினாலோ, ஸ்டாண்டை அதுக்கான அளவைத் தாண்டி விரிச்சாலோ, அந்த அழுத்தம் முழுக்க இந்த ரெண்டு முளை மேலதான் வந்து விழும். கழலாத மாதிரி இறுக்கமா செஞ்சிருந்தா என்ன ஆகும்? முளை ஒடியும், இல்லன்னா குழி விரிசல் விடும். முளை ஒடிஞ்சா பட்டையை மட்டும் மாத்தினா போதும். குழி போச்சுன்னா பின்பக்க மூடியையே மாத்தணும். அதனால ஒடியறதுக்கு முன்னாடியே கழண்டுக்கிற மாதிரி விட்டிருக்காங்க. வீட்டுல ஃபியூஸ் போற மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஃபியூஸ் போச்சேன்னு யாரும் திட்டறதில்ல, மிக்ஸி தப்பிச்சுதேன்னுதான் நினைப்போம்.

கழண்டா மறுபடி மாட்டறதுல ஒரு விஷயம் கவனிக்கணும். கன்சோலை மெல்லிசான துணி மேல ஸ்கிரீன் கீழ இருக்கிற மாதிரி படுக்க வைங்க. ஸ்டாண்டைத் தட்டையா வெச்சு அழுத்தாதீங்க, நிறைய பேர் இங்கதான் தப்பு பண்றாங்க. அது திறந்து நிக்கும்போது எந்தச் சாய்வுல இருக்குமோ அதே சாய்வுல பிடிச்சு, முளைகளைக் குழிக்கு நேரா வெச்சு, 'டக்'குன்னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்குங்க. தட்டையா வெச்சு அமுக்கினா முளையோட ஓரம் நசுங்கும். ஒரு தடவை நசுங்கிட்டா அப்புறம் அது கொஞ்சம் இடிச்சாலே விழும். 'ஒண்ணுமே செய்யலீங்க, சும்மாவே கழலுது'ன்னு சொல்றாங்களே, அதுல பாதி இந்த மாதிரி நசுங்கின முளையாத்தான் இருக்கும்.

இப்போ சாயறதுக்கு வருவோம். பைக்ல சைடு ஸ்டாண்டு, சென்டர் ஸ்டாண்டு ரெண்டும் தெரியுமில்ல? ஸ்விட்ச்ல இருக்கிறது சைடு ஸ்டாண்டு. கன்சோலோட கீழ் விளிம்பு டேபிள்ல படுது, அதுல ரெண்டு மூலை. பின்னாடி ஒரே ஒரு கால், அதுவும் ஒரு ஓரத்துல. இந்த மூணையும் கோடு போட்டு இணைச்சா ஒரு முக்கோணம். கன்சோலோட எடை மையம் இந்த முக்கோணத்துக்குள்ள விழுற வரைக்கும் நிக்கும், வெளிய போனா சாயும்.

புரியறதுக்காக ஒரு கணக்கு போடுவோம். கன்சோல் உயரம் 102 மில்லிமீட்டர், எடை மையம் நடுவுல, அதாவது 51-ல. டேபிளோட 60 டிகிரி கோணத்துல நிக்குதுன்னு எடுத்துப்போம். எடை மையம் கீழ் விளிம்புல இருந்து சுமார் 25 மில்லிமீட்டர் பின்னாடி விழும். ஸ்டாண்டோட கால் 60 மில்லிமீட்டர் பின்னாடி ஊன்றியிருக்குன்னு வெச்சுக்கோங்க. கால் நடுவுல இருந்தா, எடை மையத்துக்குப் பின்னாடி இன்னும் 35 மில்லிமீட்டர் தாங்க இடம் இருக்கும். அதே கால் ஒரு மூலையில இருந்தா? முக்கோணம் நடுப்பக்கத்துல பாதியா குறுகிடும். 60 இருந்த இடத்துல 30தான். அப்போ மிச்சம் 5 மில்லிமீட்டர். நிஜத்துல கால் ஒரேயடியா மூலையில இல்ல, கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு. அதனால மிச்சம் இன்னும் கொஞ்சம் கூடும். ஆனா நடுவுல கால் இருக்கிறதோட ஒப்பிட்டா இது ஒண்ணுமே இல்ல.

அதனாலதான் ஸ்டாண்டு இருக்கிற பக்கத்து ஸ்கிரீனைத் தொட்டா ஒண்ணும் ஆகாது, எதிர்ப்பக்க மேல் மூலையைத் தொட்டா மல்லாக்கத் தள்ளின மாதிரி பின்னாடி போகுது. தொடுதிரை வெச்ச கருவிக்கு இது சாதாரணக் குறை இல்ல. மெத்தை, சோஃபா, துணி விரிச்ச டேபிள் இதுலெல்லாம் இன்னும் மோசம். குறுகலான கால் புதைஞ்சுடும், பைக் சைடு ஸ்டாண்டு சேத்து மண்ணுல இறங்குற மாதிரியே.

அப்புறம் கோணம். இதுக்கு ஒரே ஒரு நிலைதான். முழுசா திறந்தா நிக்கும், பாதி திறந்தா தானா மூடிக்கும். டேபிள் தாழ்வா இருந்தா ஸ்கிரீன் உங்க நெஞ்சைப் பார்த்துட்டு இருக்கும், முகத்தைப் பார்க்காது. சாய்வை மாத்தவே முடியாது.

இதுல என்னைக் கேட்டா பெரிய தப்பு ஸ்டாண்டே இல்ல, சார்ஜ் போடுற ஓட்டை. அது அடிப்பக்கம் இருக்கு. ஸ்டாண்டுல நிக்க வெச்சா அந்த ஓட்டை டேபிளைப் பார்த்துட்டு இருக்கும், வயரே சொருக முடியாது. 2017 மாடல்ல பேட்டரி, கேமைப் பொறுத்து ரெண்டரை மணி நேரத்துல இருந்து ஆறரை மணி நேரம். கனமான கேமா இருந்தா ரெண்டரைதான். டேபிள்ல வெச்சு சேர்ந்து விளையாடுங்கன்னு விளம்பரம் பண்ணிட்டு, ரெண்டரை மணி நேரத்துல எடுத்துப் படுக்க வெச்சு சார்ஜ் போடச் சொன்னா எப்படி? நின்டெண்டோவே 2018-ல சார்ஜ் போட்டுக்கிட்டே நிக்க வைக்கிற ஒரு ஸ்டாண்டைத் தனியா வித்தாங்க. குறை இருக்குன்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரிதானே அது!

ஏன் இப்படிப் பண்ணினாங்க? அந்தப் பட்டையைத் திறந்து பாருங்க, உள்ள மைக்ரோ எஸ்டி கார்டு போடுற இடம் இருக்கு. என் கணிப்புல, அது முதல்ல கார்டு மூடி, அப்புறம்தான் ஸ்டாண்டு. எப்படியும் ஒரு மூடி வேணும், அதுக்கே ஒரு காலையும் கொடுத்துட்டாங்க. சிக்கனம்தான், புத்திசாலித்தனம்னுகூட சொல்லலாம். ஆனா மூடி எங்க வேணுமோ அங்க கால் வந்துடுச்சு, கால் எங்க வேணுமோ அங்க வரல.

'மெல்லிசான கருவி, டிவியோட இணைக்கிற டாக்குக்குள்ள வேற போகணும், இடம் இல்ல'ன்னு சிலர் வாதம் பண்ணுவாங்க. அந்த வாதம் நிக்காது. 2021 அக்டோபர்ல வந்த, ஓஎல்இடி ஸ்கிரீன் வெச்ச ஸ்விட்ச் மாடலைப் பாருங்க. உயரம் அதே 102, தடிமன் அதே 13.9 மில்லிமீட்டர். ஆனா முதுகு அகலத்துக்கும் ஒரே ஸ்டாண்டு, எந்தக் கோணத்துல விட்டாலும் அப்படியே நிக்குற கீல். கார்டு இடமும் அதே ஸ்டாண்டுக்கு அடியிலதான். ஆக, இடம் இருந்துச்சு. அதுலயும் ஒரு குறை விட்டாங்க, சார்ஜ் ஓட்டை இன்னும் அடியிலயே. 2025 ஜூன்ல வந்த ஸ்விட்ச் 2-ல தான் மேல் விளிம்புல ரெண்டாவது ஒரு யூஎஸ்பி-சி வெச்சாங்க. ரெண்டு பக்கமும் கழட்டி மாட்டுற ஜாய்-கான் கன்ட்ரோலர் இல்லாம கன்சோல் மட்டும் சுமார் 400 கிராம், பழையதைவிட 100 கிராம் அதிகம். அதையும் யு வடிவ ஸ்டாண்டு தாங்குது, நின்ன நிலையிலயே சார்ஜும் ஏறுது.

மத்த கம்பெனிகளைப் பார்த்தா, ஸ்டீம் டெக்ங்கிற கையடக்க கேம் கருவியில ஸ்டாண்டே கிடையாது. அதோட கன்ட்ரோல் கழலாது, நிக்க வெச்சு என்ன செய்யறது? அதே மாதிரி கருவியான லெனோவோ லீஜியன் கோ-ல கன்ட்ரோல் கழலும், அதனால அகலமான ஸ்டாண்டு கொடுத்தாங்க. கன்ட்ரோல் கழலும்னா ஸ்டாண்டு அலங்காரம் இல்ல, நிக்கறதுதான் அந்தக் கருவியோட பாதி வேலையே.

சரி, இப்போ கையில இருக்கிற பழைய ஸ்விட்ச்சை என்ன பண்றது? கெட்டியான, வழுக்காத பரப்புல வைங்க. டேபிள் வழுவழுன்னு இருந்தா மெல்லிசான ரப்பர் விரிப்பு போதும், ஆனா கால் புதையற தடிமன் கூடாது. ஸ்டாண்டை முழுசா திறந்து, எதிர்ப்பக்க மேல் மூலையை ஒரு விரலால லேசா தட்டிப் பாருங்க. ஆடினா ஸ்டாண்டு முழுசா திறக்கல, இல்ல முளை தளர்ந்திருக்கு. தொட்டு ஆடுற கேம்னா ஸ்டாண்டை நம்பாதீங்க, கையில எடுத்துக்கோங்க.

தனியா ஸ்டாண்டு வாங்கறதா இருந்தா மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, கீழ் விளிம்பைத் தாங்கற பாதம் ரெண்டா பிரிஞ்சு நடுவுல வயருக்கு வழி விடணும். நேரான பிளக்குக்கு 3, 4 சென்டிமீட்டர் உயரம் வேணும், எல் வடிவ பிளக்னா ஒன்றரை போதும். ரெண்டு, மேல் விளிம்புல இருக்கிற காத்து வெளிய போற துளைகளையும் முதுகுல இருக்கிற துளைகளையும் மறைக்கக் கூடாது. மறைச்சா ஃபேன் கத்த ஆரம்பிக்கும், கருவி சூடாகும். மூணு, போனுக்கான லேசான ஸ்டாண்டு வேண்டாம், கன்சோல் எடைக்கு அதோட கழுத்தே மெல்ல இறங்கிடும்.

டாக்ல போடறதுக்கு முன்னாடி ஸ்டாண்டு மூடியிருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. தட்டையா மூடலன்னா கார்டு முழுசா உள்ள போகாம இருக்கலாம். கன்சோலை ஸ்லீப்ல இல்லாம முழுசா ஆஃப் பண்ணிட்டு, கார்டை அமுக்கி 'கிளிக்' வந்ததும் மூடுங்க. பட்டை தொலைஞ்சே போச்சுன்னா அந்தப் பட்டை மட்டும் தனி உதிரிபாகமா கிடைக்குது. அது வர்ற வரைக்கும் கார்டு இடத்து மேல ஒரு துண்டு டேப் ஒட்டி வைங்க. திறந்து விட்டா தூசி போய் கார்டு தொடர்பு விட்டு விட்டு வரும். அப்போ கேம் பாதியில நின்னா நீங்க ஸ்டாண்டைச் சந்தேகப்பட மாட்டீங்க, கார்டைத்தான் குறை சொல்லுவீங்க.