பிடரி இல்லாதவர்களின் குடும்பம்

வணக்கம் நண்பர்களே. களியக்காவிளையில் எல்லையைக் கடந்து நெய்யாறு அணைப் பக்கம் வந்திருக்கிறேன். இங்குள்ள மரக்குன்னத்தில் 1984-ஆம் ஆண்டு சிங்க சஃபாரி தொடங்கப்பட்டது. சிங்கங்கள் பெருகியபோது ஆண்களுக்குக் கருத்தடை செய்யப்பட்டதால், காலப்போக்கில் எண்ணிக்கை தேய்ந்து, பிந்து என்ற முதிய பெண் சிங்கமும் இறந்துபோனது. சஃபாரி வண்டியில் ஏறியவர்களின் கண்கள் முதலில் தேடியது பிடரி மயிரைத்தான். நான் பேசப்போவதோ பிடரி இல்லாத பெண் சிங்கங்களைப் பற்றி.

சிங்கக் கூட்டம் என்பது அடிப்படையில் பெண்களின் குடும்பம். தாய், மகள், சித்தி, பேத்தி என இரத்த உறவுள்ள பெண்களில் பெரும்பாலோர் பிறந்த மண்ணிலேயே வாழ்ந்து முடிக்க, ஆண் குட்டிகள் இரண்டு மூன்று வயதில் வெளியேறிவிடுகின்றன. நாஞ்சில் நாட்டின் பழைய மருமக்கள்வழியை அறிந்தவர்களுக்கு இந்தத் தாய்வழி ஏற்பாடு வியப்பளிக்காது.

கூட்டு வேட்டையில் சில பெண்கள் பக்கவாட்டில் சுற்றிச் சென்று இரையை விரட்ட, மற்றவர்கள் நடுவில் பதுங்கிக் காத்திருப்பார்கள். நமீபியாவின் எட்டோஷாவில் இதை ஆராய்ந்த ஃபிலிப் ஸ்டாண்டர், ஒவ்வொரு சிங்கமும் பெரும்பாலும் தனக்குரிய இடத்தையே எடுத்துக்கொள்வதை 1992-இல் விளக்கினார். தொலைக்காட்சிகள் இத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் என் மனக்குறை. ஏனெனில், வேட்டையைவிடக் கடினமான வேலை குட்டிகளைக் காப்பாற்றுவது.

ஏறத்தாழ 110 நாள் சுமந்தபின் கூட்டத்தை விட்டு விலகிப் புதருக்குள் ஈனும் தாய், கழுத்தின் பின்புறத்தைக் கவ்வி ஒவ்வொரு குட்டியாகத் தூக்கிப் பதுங்கிடத்தை மாற்றிக்கொண்டே இருப்பாள். சில வாரங்கள் கழித்துத்தான் குட்டிகள் கூட்டத்துக்குள் வரும். அங்கே தாய்மார்கள் சேர்ந்து வளர்ப்பார்கள். தூங்கும் சித்தியிடம் திருட்டுத்தனமாகப் பால் குடிக்கும் குட்டிகளும் உண்டு.

பேராபத்து, கூட்டத்தைக் கைப்பற்றும் புதிய ஆண்களிடமிருந்து வருகிறது. பால் கொடுக்கும் தாய் நெடுநாள் இணைசேர மாட்டாள் என்பதால், அவை பழைய ஆண்களின் குட்டிகளைக் கொன்றுவிடுகின்றன. தாய்மார்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தால் சில குட்டிகளாவது தப்பும்.

குஜராத்தின் கிர் காட்டில் வாழும் பெண் சிங்கங்கள் கையாளும் வழி இன்னும் நுட்பமானது. அங்கே ஆண்களும் பெண்களும் பெரும்பாலும் தனித்தனியாகவே திரிகிறார்கள். பெண் சிங்கம் ஒன்றோடொன்று பகைமை கொண்ட ஆண் குழுக்கள் பலவற்றோடும் இணைசேர்வதால், குட்டி யாருடையது என்பது எந்த ஆணுக்கும் தெளிவாகாமல், கொல்வதற்கான காரணம் குறைந்துவிடுகிறது என்று ஆய்வாளர்கள் ஸ்தோத்ரா சக்கரவர்த்தியும் யாத்வேந்திரதேவ் ஜாலாவும் 2019-இல் எழுதினார்கள். ஆண்களின் வலிமைக்கு எதிராக ஆண்களின் ஐயத்தையே ஆயுதமாக்கும் இந்தத் தந்திரத்தைத்தான் நான் பெரிதும் மெச்சுகிறேன்.

அதே கிர் காட்டில் 2018-இன் இறுதியில் ஓர் இளம் தாய், தன் இரு குட்டிகளோடு ஒரு சிறுத்தைக் குட்டியையும் சேர்த்துப் பால் கொடுத்து வளர்த்தாள். வளர்ந்த சிறுத்தைகளைக் கண்டால் சிங்கங்களுக்கு ஆகாது. ஆனாலும் அந்தக் குட்டி ஏறத்தாழ ஒன்றரை மாதம் அவளோடு சுற்றியது. பிறகு அது இறந்து கிடந்தபோது உடலைப் பரிசோதித்தவர்கள், பிறவியிலேயே இருந்த குடலிறக்கமே சாவுக்குக் காரணம் என்றும், சிங்கங்கள் தாக்கியிருக்க வாய்ப்பில்லை என்றும் முடிவுசெய்தார்கள்.