அடித்த மீன் ஏன் படகுக்கு வருவதில்லை? ஒகவாங்கோவின் புலிமீன்

[காட்சி: விடியற்காலை ஆறு. இரு கரையிலும் ஆளுயரத்தைத் தாண்டிய பாப்பிரஸ் கோரை. வெண்கொக்குகள் கூட்டமாக ஓரிடத்தில் இறங்குகின்றன.]

அந்தக் கொக்குகளைப் பாருங்கள். அவற்றுக்குக் கீழே, கோரையின் வேர்களுக்குள், பெருங்கூட்டமாகக் கெளுத்தி மீன்கள் வேட்டையாடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் நாம் தேடி வந்தது கெளுத்தியை அல்ல. அந்தக் கூட்டத்துக்கு வெளியே, ஆழம் தொடங்கும் விளிம்பில் இன்னொரு மீன் காத்திருக்கிறது. அதுதான் புலிமீன், ஆங்கிலத்தில் டைகர்ஃபிஷ்.

[காட்சி: வரைபடம்.]

இடம், போட்ஸ்வானாவின் வடமேற்கு மூலையில் ஷகாவே ஊரையொட்டி ஓடும் ஒகவாங்கோ. அங்கோலாவின் மேட்டுநிலத்தில் பிறந்து, நமீபியாவின் மெல்லிய நிலப்பட்டையைக் கடந்து, கடலைக் காணாமலேயே கலஹாரி மணலில் விரிந்து மறையும் ஆறு இது. அது விரியும் சதுப்புநிலம் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவது இடமாகச் சேர்ந்தது. விரிவதற்கு முன்பு ஆறு வளைந்து வளைந்து ஓடும் நீண்ட பகுதிக்குப் பான்ஹேண்டில், அதாவது வாணலியின் கைப்பிடி என்று பெயர். வரைபடத்தில் அதன் உருவம் அப்படியே இருக்கிறது.

வெள்ளக் காலத்தில் ஆறு கோரைக்காடுகளுக்குள் ஏறி நிற்கும். சிறு மீன்கள் அங்கே பெருகும். ஆகஸ்டு தொடங்கி நீர் வடிய வடிய அவற்றுக்கு ஒளிய இடம் குறைந்து, மெல்ல மெல்ல ஆற்றின் ஓரத்துக்கு வந்து சேரும். இதற்காகத்தான் கெளுத்திகள் காத்திருக்கின்றன. கூட்டமாகக் கோரையின் வேருக்குள் முட்டி, வாலால் அடித்து, உள்ளே பதுங்கியிருக்கும் மீன்களை வெளியே விரட்டுகின்றன. அந்தச் சத்தம் படகில் இருக்கும் நமக்கே கேட்கும். விரட்டப்படுபவற்றில் முக்கியமானவை மோர்மிரிட் குடும்பத்து மீன்கள். இருட்டில் வழியறிய மெல்லிய மின்துடிப்புகளை வெளியிடும் மீன்கள் அவை. அந்தத் துடிப்புகளே அவற்றைக் காட்டிக்கொடுக்கலாம், ஏனென்றால் கெளுத்தியின் உடலில் மின்புலத்தை உணரும் உறுப்புகள் இருக்கின்றன.

இந்தக் கெளுத்திகளில் ஒன்று நமக்குத் தெரிந்ததுதான். நம் நீர்நிலைகளில் புகுந்து உள்நாட்டு மீன்களை அழிப்பதால் இந்தியாவில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட அதே ஆப்பிரிக்கக் கெளுத்தி. அதைத் தாய்மண்ணில், தன் வேலையைச் செய்துகொண்டிருக்கையில் பார்ப்பது வேறு அனுபவம். இங்கே அது அந்நியன் அல்ல. ஓர் ஆற்றையே இயக்கும் சக்தி.

[காட்சி: புலிமீனின் தலை, மிக அருகில்.]

இப்போது இந்த வாயைப் பாருங்கள். இன்று நான் சொல்ல வந்தது இதைப் பற்றித்தான்.

வாய் மூடியிருக்கும்போதும் பற்கள் வெளியே தெரிகின்றன. மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொறிக்கண்ணியின் பற்களைப்போல ஒன்றினுள் ஒன்று பொருந்துகின்றன. அறிவியல் பெயர் ஹைட்ரோசைனஸ் விட்டாட்டஸ். முதற்சொல்லுக்கு நீரில் வாழும் நாய் என்று பொருள், இரண்டாவதற்கு வரிகள் உடையது என்று பொருள். 2011இல் தென்னாப்பிரிக்காவின் ஷ்ரோடா அணையில், பறந்துகொண்டிருந்த தகைவிலான் குருவியை இந்த மீன் நீரிலிருந்து எம்பிப் பிடித்ததை ஆய்வாளர்கள் படம்பிடித்தார்கள். அப்படிப்பட்ட வேகம்.

பற்களைவிட முக்கியமானது, அவற்றுக்குப் பின்னால் இருப்பது. விராலுக்கோ கொடுவாவுக்கோ இருப்பதுபோல் தூண்டில் முள் தைக்கத் தோதான சதை இந்த வாயில் மிகக் குறைவு. எங்கு தொட்டாலும் எலும்பு. முள் பாயாமல் எலும்பின்மீது வழுக்கும், அல்லது ஒரு விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கும். மீன் ஒருமுறை துள்ளித் தலையை உதறினால் போதும், லூர், அதாவது முள் கட்டிய செயற்கை இரை, தனியாக வானில் பறக்கும். என் முதல் இரண்டு நாட்களில் ஒன்பது மீன்கள் என் லூரை அடித்தன. படகுக்கு வந்தது ஒன்றே ஒன்று. மூன்றாம் நாள் காலை, எங்கள் படகோட்டி ஒரு வார்த்தையும் பேசாமல் என் லூரை வாங்கி, மும்முட்களைக் கழற்றி, வாலில் தடித்த ஒற்றை முள் ஒன்றைக் கோத்துக் கொடுத்தார்.

[காட்சி: மும்முள்ளும் ஒற்றை முள்ளும் பக்கத்தில் பக்கத்தில்.]

காரணம் எளிமையானது. மும்முள்ளில் மூன்று நுனிகளுக்கும் நம் இழுப்பு பங்குபோகிறது. எதுவும் ஆழமாகப் பாய்வதில்லை. ஒற்றை முள்ளில் முழு விசையும் ஒரே நுனியில் இறங்குகிறது. கிடைக்கும் சிறு இடத்தில் அது ஆழமாகப் புதைகிறது. ஆகவே முள் தடித்ததாக இருக்க வேண்டும், நகத்தில் வைத்தால் வழுக்காமல் நிற்கும் அளவுக்குக் கூர்மையாகவும் இருக்க வேண்டும். கடையில் வாங்கியபடியே கட்டாதீர்கள். அரம் கொண்டு தீட்டுங்கள். முள்ளை லூருடன் இணைக்கும் வளையத்தையும் பலமானதாக மாற்றுங்கள்.

அடுத்தது கம்பி. நைலான் நரம்பு எவ்வளவு தடித்ததானாலும் அந்தப் பற்கள் அறுத்துவிடும். நரம்பின் முனையில் ஒரு சாண் நீளத்துக்கு எஃகுக் கம்பி கட்டாயம். தூண்டிற்காரர்கள் இதை ட்ரேஸ் என்பார்கள். ரீலில் 30 பவுண்ட் தாங்கும் பின்னல் நரம்பு. அது நீளாது, ஆகவே நம் கையின் விசை குறையாமல் முள்ளின் நுனிவரை போய்ச் சேரும். எலும்பு வாய்க்கு அதுதான் வேண்டும்.

[காட்சி: படகு நீரோட்டத்தோடு மிதக்கிறது. லூர் கோரையின் விளிம்பில் விழுகிறது.]

கெளுத்திக் கூட்டத்துக்கு நடுவில் வீசினால் கெளுத்திதான் கிடைக்கும். கெளுத்திகளிடமிருந்து தப்பி வரும் மீன்களுக்காகப் புலிமீன் காத்திருக்கும் வெளி விளிம்பில் வீசுங்கள். கரண்டி வடிவ உலோக லூரான ஸ்பூனோ, மீன் வடிவில் ஆழம் இறங்கும் லூரான கிராங்க்பெய்ட்டோ, எதுவானாலும் வேகமாகச் சுற்றுங்கள். தப்பியோடும் மீன் மெதுவாக நீந்தாது.

மீன் லூரை அடித்ததும் தூண்டிற்கோலை மேலே தூக்காதீர்கள். விரால் பிடித்துப் பழகிய கைக்கு இது மிகக் கடினம். சுற்றுவதை நிறுத்தாமல், கனம் கையில் தெரிந்த பிறகு, கோலைத் தாழ்வாக வைத்துப் பக்கவாட்டில் இரண்டு முறை அழுத்தி இழுங்கள். மீன் துள்ளும்போது கோலின் நுனியை நீரை நோக்கித் தாழ்த்துங்கள், நரம்பைத் தொய்யவிடாதீர்கள். தொய்ந்தால் லூரின் எடையே சுத்தியல்போல் ஆடி முள்ளைப் பிடுங்கிவிடும்.

இந்த ஆற்றில் நான்கரை கிலோ மீன் கிடைத்தால் அது பேசத்தக்க மீன். இந்த இனத்தின் உலகச் சாதனை 16.1 கிலோ, 2001இல் ஜிம்பாப்வேயின் கரிபா ஏரியில் பிடிபட்டது. எடையைப் பற்றி இதற்கு மேல் நான் கவலைப்படுவதில்லை.

[காட்சி: படகின் ஓரத்தில் மீன். நீண்ட குறடு.]

இந்த முரட்டு மீன் உண்மையில் மிக எளிதில் இறந்துபோகும். தன்னிடம் உள்ள முழு பலத்தையும் சண்டையில் செலவழித்துவிடுகிறது. செப்டம்பர், அக்டோபரின் வெதுவெதுப்பான நீரில் பிராணவாயுவும் குறைவு. அதனால்தான் மெல்லிய கோலில் நீண்ட நேரம் விளையாட்டுக் காட்டுவதை நான் ஏற்பதில்லை. பலமான கோலில் விரைவாகக் கொண்டுவாருங்கள். முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்த்திசையில் நீட்டியிருக்கும் எதிர்முள்ளை முன்பே குறடால் நசுக்கி வைத்தால் கழற்றுவது ஒரு நொடி வேலை. கைகளை நனைத்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பவர் முதலிலேயே தயாராக இருக்கட்டும். தாடையைப் பிடித்துத் தொங்கவிடாமல், வயிற்றுக்குக் கீழே ஒரு கை கொடுத்துக் கிடைமட்டமாகத் தூக்கி, உடனே நீருக்குள் இறக்கி, நீரோட்டத்தை எதிர்நோக்கிப் பிடியுங்கள். அது தானாக உதறிப் போக வேண்டும். களைத்த மீனை விட்டால் முதலை எடுத்துக்கொள்ளும். முதலைகள் உங்கள் கையையும் கவனிக்கும் என்பதால், இதைப் படகோட்டி கண்காணிக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

பயணத்துக்குச் சில சொற்கள். முள் கட்டிய லூர்கள் கைப்பையில் அல்ல, விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் போக வேண்டும். நான்கு துண்டாகக் கழலும் கோல் பெட்டிக்குள் அடங்கும். மலேரியா உள்ள பகுதி, மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். மீன்பிடி உரிமம் தேவை. ஜனவரியும் பிப்ரவரியும் போட்ஸ்வானாவில் மீன்பிடித் தடைக்காலம்.

[காட்சி: விரல்கள் எஃகுக் கம்பியைத் தடவுகின்றன.]

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், அடுத்த வீச்சுக்கு முன், கம்பியை விரலால் முழுதும் தடவிப் பாருங்கள். எங்காவது சுருண்டோ மடங்கியோ இருந்தால் அது அடுத்த மீனுக்குத் தாங்காது. வெட்டி எறியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, புதியதைக் கட்டுங்கள். கொக்குகள் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கின்றன.