சென்ட் விலைக்கு வந்த வயல்

பெரியோர்களே, நண்பர்களே!

விவசாய நிலத்துக்கு ஒரு காலத்தில் ஏக்கர் கணக்கில் விலை பேசினார்கள். என்ன வெள்ளாமை, எத்தனை மூட்டை காணும் என்று கேட்டார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டில் நகரத்தை ஒட்டிய ஊர்களில் பேச்சே வேறு. தார் ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம், சென்ட் என்ன விலை? சென்ட் 40,000 ரூபாய் என்றால் ஏக்கர் 40 லட்சம். அந்தப் பணத்துக்கு வட்டி கட்டுமளவுக்கு எந்த வயலிலும் நெல் விளையாது. வாங்குகிறவருக்கும் அது தெரியும். அவர் வாங்குவது வயலை அல்ல, நாளைய விலையை.

இந்தப் போக்கில் முளைத்ததுதான் பண்ணை மனை. பத்து ஏக்கரை வாங்கி, 25 சென்ட் துண்டுகளாக்கி, மாங்கன்றும் சொட்டுநீரும் வேலியும் போட்டு விற்கிறார்கள். கன்றைப் பார்க்காதீர்கள், பத்திரத்தின் சொத்து விவரத்தைப் பாருங்கள். நான்கெல்லை இல்லாமல் ‘பிரிபடாத பாகம்’ என்றிருந்தால் உங்கள் துண்டு எதுவென்று யாராலும் அளந்து காட்ட முடியாது. உள்பாதையும் போர்வெல் மின் இணைப்பும் யார் பெயரில் இருக்கின்றன? விற்றவர் பெயரிலேயே இருந்தால், பராமரிப்புக் கட்டணத்தில் தகராறு வந்த அன்றே தண்ணீர் நின்றுவிடும்.

பழைய பத்திரம் எழுதியவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். ‘கிணற்றில் பொதுவில் நாலில் ஒரு பங்கும், மாமூல் வண்டித்தட பாத்தியமும்’ என்று, கிணற்று நீருக்கும் வழக்கமாக வண்டி போகும் பாதைக்கும் உரிமை சொல்லி ஒரு வரி போட்டிருப்பார்கள். அந்த வரி உங்கள் கிரயப் பத்திரத்திலும் ஏற வேண்டும். விட்டுப்போனால் டிராக்டர் உள்ளே போகப் பக்கத்து நிலத்துக்காரர் தயவு வேண்டியிருக்கும்.

அடுத்தது அளவு. பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும்; பத்திரத்தில் ஏக்கர், சென்ட். பட்டாவில் 40.50 ஏர் என்றால் 100 சென்ட். பத்திரமோ 1 ஏக்கர் 6 சென்ட் என்று சொல்லும். தரகர் எந்தக் கணக்கைச் சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். அந்த 6 சென்ட் எப்போதோ ஓடையிலோ ரோட்டிலோ போயிருக்கும். சென்ட் 40,000 என்றால், உங்கள் கையைவிட்டுப் போவது 2,40,000 ரூபாய். சர்வேயரைக் கொண்டு புலப்படத்தோடு, அதாவது அரசின் நில அளவை வரைபடத்தோடு, ஒத்துப் பார்த்து அளந்து, கல் நட்ட பிறகு, தரையில் உள்ள அளவுக்கு மட்டும் பணம் கொடுங்கள்.

பூர்வீகச் சொத்தா? அண்ணன் தம்பி கையெழுத்து மட்டும் போதாது. தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்குமாக 2005-லும் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு மகள்களும் சம பங்குதாரர் ஆனார்கள். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட தங்கையைத் தேடிப்போய்க் கையெழுத்து வாங்குங்கள். இல்லையென்றால் நிலத்துக்கு விலை ஏறிய பிறகு அவரே வழக்கோடு வருவார், நியாயமாகவே.

கடைசியாகச் செலவு. முத்திரைத்தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2 சதவீதம். 40 லட்சத்துக்கு 3,60,000 ரூபாய் வருகிறது. இதற்குப் பயந்து பாதித் தொகையைப் பத்திரத்தில் காட்டி, மீதியை ரொக்கமாகக் கொடுக்கிறார்கள். நாளைக்கே நான்குவழிச் சாலைக்கு அந்த ஊரில் நிலம் எடுத்தால், அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பையும் அக்கம்பக்கத்துக் கிரயப் பத்திரங்களில் எழுதியிருக்கும் தொகையையும் வைத்துத்தான் இழப்பீடு கணக்கிடுவார்கள்.