வருவதும் போவதுமாக ஒரு பென் டிரைவ்

நேயர்களுக்கு வணக்கம். பென் டிரைவைக் கணினியில் செருகுகிறோம். காலையில் வந்தது, மாலையில் வரவில்லை. அடியோடு செத்துப்போனதைவிட இதுதான் பெரிய தொல்லை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செத்த டிரைவ் வாயே திறக்காது. விட்டுவிட்டு வேலை செய்வது, கோளாறு எங்கே என்று தானே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒன்றை மட்டும் முதலில் செய்துவிடுங்கள். டிரைவ் எப்போது தெரிகிறதோ அப்போதே உள்ளிருப்பதை வேறிடத்தில் நகலெடுங்கள். ஆராய்ச்சி அப்புறம். ‘ஃபார்மட் செய்யவா?’, அதாவது உள்ளிருப்பதைத் துடைத்துப் புதிதாக்கவா என்று கணினி கேட்டால், அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள்.

பிறகு அதே டிரைவை வேறு கணினியிலும், வேறு டிரைவை அதே போர்ட்டிலும், அதாவது அதே செருகுதுளையிலும், செருகிப் பாருங்கள். மேசைக் கணினியின் முன்பக்கப் போர்ட்டுகள் உள்ளே ஒரு கேபிள் வழியாகத்தான் கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டைத் தொடுகின்றன. பின்பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்தவை. முன்னால் அடம்பிடிப்பது பின்னால் ஒழுங்காக வந்தால், பாவம், டிரைவைத் திட்டாதீர்கள். ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரித்துத் தரும் ஹப், தனி மின்இணைப்பு இல்லாததாக இருந்தால் அதையும் கழற்றுங்கள். யு.எஸ்.பி. 2.0 போர்ட் தரும் 500 மில்லிஆம்பியரைத்தான் அதில் தொங்கும் எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன.

டிரைவில் விளக்கு எரிகிறது, கணினிக்கோ ஒன்றும் தெரியவில்லை. இது எப்படி? யு.எஸ்.பி. 2.0 முனையில் நான்கு தகடுகள். ஓரத்து இரண்டு மின்சாரத்துக்கு, நடு இரண்டு தரவுக்கு. மின்சாரம் முந்திக்கொள்ள வேண்டும் என்று ஓரத் தகடுகளைச் சற்று நீளமாகவே செய்திருக்கிறார்கள். டிரைவ் முழுதாக உள்ளே போகாவிட்டாலோ நடுத் தகடுகளில் அழுக்கு படிந்தாலோ, விளக்கு எரியும், பேச்சு நடக்காது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்கு உலரவிட்டுச் செருகுங்கள்.

லேசாக அசைத்தாலே வருவதும் போவதுமாக இருந்தால், உள்ளே பற்றவைப்பு விட்டிருக்கலாம். ஒருமுறை, கடைசிக் கோப்பு வந்து சேரும்வரை டிரைவை விரலால் அழுத்தியபடியே உட்கார்ந்திருந்தேன். கை மரத்துப்போனது, கோப்புகள் தப்பின. அதற்குப் பின் அந்த டிரைவை நம்பவில்லை.

செருகிய ஒலி கேட்டும் விண்டோஸில் டிரைவ் தென்படாவிட்டால், டிரைவ்களைப் பட்டியலிடும் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற விண்டோஸ் கருவியைத் திறந்து பாருங்கள். சில சமயம் அங்கே டிரைவ், D, E போன்ற அடையாள எழுத்து ஒதுக்கப்படாமல் கிடக்கும். வேறெதற்கும் கொடுக்காத ஓர் எழுத்தைக் கொடுத்தால் வந்து நிற்கும்.

நன்றி, வணக்கம்.