நன்மை செய்கிறவரைத் தனியே விடாதிருப்போம்

கிறிஸ்துவுக்குள் அன்பான நேயர்களே, உங்கள் அனைவருக்கும் என் ஸ்தோத்திரங்கள்.

இன்று நான் எடுத்துக்கொண்ட வசனம் உங்களில் பலருக்கு மனப்பாடமாகவே இருக்கும். கலாத்தியர் நிருபம் 6-ஆம் அதிகாரம், 9-ஆம் வசனம். "நன்மைசெய்கிறதில் சோர்ந்துபோகாமல் இருப்போமாக, நாம் தளர்ந்துபோகாதிருந்தால் ஏற்றகாலத்தில் அறுப்போம்."

இந்த வசனத்தை நாம் பெரும்பாலும் யாரிடம் சொல்கிறோம்? ஏற்கெனவே சோர்ந்துபோயிருக்கிறவரிடம். வருஷக்கணக்காக ஒரே ஊழியத்தைச் செய்து களைத்து நிற்கிற ஒரு சகோதரியிடம் போய், "சோர்ந்துபோகாதீர்கள் அம்மா, ஏற்றகாலத்தில் அறுப்பீர்கள்" என்று சொல்கிறோம். ஒரு சின்ன ஜெபம் செய்கிறோம். பிறகு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறோம். அவர் மறுபடியும் தனியாக அந்த வேலைக்குப் போகிறார். நோயுற்றோரைச் சந்திக்கும் ஊழியத்தில் நெடுநாளாக இருக்கிறவள் நான். அந்த அனுபவத்தில் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இந்த வசனத்தை முதலில் கேட்க வேண்டியவர்கள், களைத்திருக்கிறவரைச் சுற்றி நிற்கிற மற்ற எல்லாரும்தான். இன்றைக்கு உங்களோடு பேச வந்தது அதைப்பற்றியே.

நற்கிரியை என்றதும் பெரிய காரியங்களே மனதுக்கு வருகின்றன. மருத்துவமனை கட்டுவது, பேரிடர் காலத்தில் ஆயிரம் பேருக்கு உணவளிப்பது. அவையெல்லாம் நல்லவைதான், நடக்கவேண்டியவைதான். ஆனாலும் அவற்றுக்கு ஆள் சேர்ந்துவிடும். ஒரு வாரம், ஒரு மாதம் என்று அவற்றுக்கு ஒரு முடிவும் இருக்கும். முடிவு தெரியாத ஊழியங்களில்தான் மனிதர் தளர்ந்துபோகிறார்கள்.

எழுந்து நடக்க முடியாத ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று சற்று நினைத்துப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வந்துவிடும். இரவிலும் அப்படித்தான். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் போதும், மெலிந்த தோல் அந்த இடத்தில் சிவந்துவிடும். விழுங்குவது கடினமாகிவிட்டவருக்கு, தலையை உயர்த்தி வைத்து, அரைக் கரண்டியாக ஊட்ட வேண்டும். ஒரு வாய் இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். அவசரப்பட்டால் புரையேறும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே ஒரு மணி நேரம் ஆகலாம். இத்தனையும் செய்து முடிக்கும்போது, நினைவு மங்கிப்போன அந்தப் பெரியவர், "நீ யார்? என் வீட்டில் உனக்கு என்ன வேலை?" என்று கோபமாகக் கேட்கலாம். மறுநாள் காலையிலும் அதே ஊட்டல், அதே கோபம். குணமாகும் என்ற நம்பிக்கையும் அங்கே இல்லை. எந்தச் சபையிலும் இப்படி ஒருவரையோ இருவரையோ மனைவியாகவோ மகனாகவோ, சில வேளை உறவே இல்லாதவராகவோ தாங்கிக்கொண்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனையில் அவர்களுடைய இடம் காலியாக இருக்கும். அதனாலேயே அவர்களை நாம் மறந்தும்போகிறோம்.

பவுல் அப்போஸ்தலன் கலாத்தியருக்கு எழுதினது சபைகளுக்கு எழுதின நிருபம். அதே 6-ஆம் அதிகாரத்தில், சோர்ந்துபோகாமல் இருப்போமாக என்பதற்கு ஏழு வசனங்களுக்கு முன்னால் அவர் எழுதியிருக்கிறார்: "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து, இப்படியே கிறிஸ்துவினுடைய பிரமாணத்தை நிறைவேற்றுங்கள்." பாரத்தைப் பகிர்ந்துகொள்ளச் சொன்ன பிறகுதான் தளர வேண்டாம் என்கிறார். நாமோ முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஒன்று இல்லாமல் மற்றது எப்படி நிற்கும்?

எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம். கர்மேலில் அக்கினி இறங்கினதைக் கண்ணால் கண்டவர், அடுத்த அதிகாரத்தில் ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு தூதன் வந்து அவரைத் தட்டி எழுப்புகிறான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கிறது. சாப்பிடுகிறார், மறுபடியும் படுத்துத் தூங்குகிறார். தூதன் இரண்டாந்தரமும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்கிறான். அதன்பிறகுதான் ஓரேப் பர்வதம், அதன்பிறகுதான் மெல்லிய சத்தம். அங்கே எலியா, நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன் என்று புலம்புகிறார். பாகாலுக்கு முடங்காத ஏழாயிரம் பேர் உண்டு என்று கர்த்தர் சொல்கிறார். எலிசாவை அபிஷேகம்பண்ணு என்றும் கட்டளையிடுகிறார். கர்த்தர் அவருக்குக் கொடுத்ததை எண்ணிப் பாருங்கள். உணவு, உறக்கம், கூட ஒரு ஆள், தனக்குப்பின் அந்த வேலையைத் தொடர ஒருவர். சோர்ந்துபோன ஊழியக்காரனுக்குத் தேவனே இப்படிச் செய்திருக்க, நாம் ஒரு வசனத்தை மட்டும் நீட்டிவிட்டு வந்துவிடலாமா?

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரம் இன்னும் நமக்கு நெருக்கமானது. எருசலேம் சபையில் அன்றாடம் உணவு பங்கிடும் விசாரணையில் கிரேக்க மொழி பேசின விதவைகள் கவனிக்கப்படாமல் போனார்கள். முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் அதை அடக்கவும் இல்லை, எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று தலையில் ஏற்றிக்கொள்ளவும் இல்லை. பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்து, நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். பந்தி விசாரிப்புக்கு இவ்வளவு தகுதியா என்று நமக்குத் தோன்றலாம். ஆம், இவ்வளவு தகுதிதான். பசித்த விதவைக்குப் பங்கு போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது அவர்களுக்குச் சின்ன வேலையாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளப்பட்டவர்களுடைய பெயர்களையும் கவனியுங்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். யாருடைய விதவைகள் விடுபட்டுப்போனார்களோ, அந்தப் பக்கத்தாரிடமே பொறுப்பை ஒப்படைத்ததுபோலத்தான் தெரிகிறது. முறுமுறுப்பு அங்கே ஊழியமாக மாறிற்று. இந்த அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

பிற்காலச் சபை வரலாற்றிலிருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹவாய் தீவுகளில் 1865-இல் ஒரு சட்டம் வந்தது. தொழுநோயாளிகளைப் பிரித்து, மொலோக்காய் தீவில் கடலும் செங்குத்தான மலையும் சூழ்ந்த கலாவ்பாபா நிலமுனைக்கு அனுப்பினார்கள். 1873-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த அருள்தந்தை தமியான் அங்கே போனார். அப்போது அவருக்கு வயது 33. முதலில் போட்ட ஏற்பாடு என்ன தெரியுமா? நான்கு குருக்கள் முறைவைத்து மாறி மாறிப் போய்வர வேண்டும் என்பதே. முதலாவதாகப் போனவர் தமியான். அங்கேயே தங்கிவிட்டார். புண்களைக் கழுவிக் கட்டினார், வீடு கட்டினார், சவப்பெட்டி செய்தார், கல்லறைக் குழியும் வெட்டினார்.

அவருடைய தியாகத்தை எல்லாரும் பேசுகிறோம். அவருடைய தனிமையைப் பேசுகிறவர்கள் குறைவு. ஒருமுறை அவருடைய துறவற சபைத் தலைவர் கப்பலில் வந்தார். அவர் கரையிறங்கவும் அனுமதி கிடைக்கவில்லை, தமியான் கப்பலில் ஏறவும் அனுமதி கிடைக்கவில்லை. தமியான் ஒரு சிறு படகில் கப்பலருகே போய், கீழே நின்றபடியே, மேல்தளத்தில் நின்றவரைப் பார்த்து உரத்த குரலில் தம் பாவசங்கீர்த்தனத்தை, அதாவது பாவ அறிக்கையை, செய்தார். ஒரு மனிதன் தன் ஆத்துமாவின் காரியத்தைக் காற்றில் கூவிச் சொல்லவேண்டியிருந்தது. துணைக்கு ஒரு குருவை அனுப்புங்கள் என்று அவர் மீண்டும் மீண்டும் கடிதம் எழுதினார். இடையிடையே ஒருசிலர் வந்துபோனாலும் பெரும்பாலும் தனியாகவே இருந்தார். அவருக்கும் தொழுநோய் கண்டது. 1889-இல், 49 வயதில் மரித்தார்.

ஆனால் அதற்கு முன்பே கைகொடுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். 1886-இல் ஜோசப் டட்டன் என்ற, குருவல்லாத ஒரு பொதுநிலையினர் வந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றியவர். அந்த நிலமுனையில் 44 ஆண்டுகள் ஊழியம் செய்தார். தமியான் மரிப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், 1888 நவம்பரில், அன்னை மரியான் கோப் என்ற கன்னியாஸ்திரீ இன்னும் இரண்டு கன்னியாஸ்திரீகளோடு வந்து சேர்ந்தார். உங்களுடைய பராமரிப்பில் இருக்கிற பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று தமியானுக்கு வாக்குக் கொடுத்தார், கொடுத்தபடியே செய்தார். 1918-இல், 80 வயதில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவருக்கு அந்த நோய் தொற்றவே இல்லை. தமியான் 16 ஆண்டுகள் விதைத்தது, மற்றவர்களுடைய கைகளில் இன்னும் பல பத்தாண்டுகள் வளர்ந்தது. "விதைக்கிறவன் ஒருவன், அறுக்கிறவன் ஒருவன்" என்று ஆண்டவர் யோவான் 4-ஆம் அதிகாரத்தில் சொன்னது இதுதானே? அந்த ஆட்கள் பத்து வருஷம் முந்தியே வந்திருந்தால் என்ற நினைப்பு மட்டும் எனக்கு ஆறவே ஆறாது.

இங்கே ஒரு கேள்வி வரும். சிலர் உதவி கேட்பதே இல்லையே, கொடுத்தாலும் வாங்கிக்கொள்வதில்லையே? உண்மைதான். இது என் சிலுவை, நானே சுமக்கவேண்டும் என்பார்கள். சிலருக்கு அது அன்பு. சிலருக்கோ உள்ளே ஒரு பயம் இருக்கிறது. இதை விட்டுவிட்டால் தேவன் என்னை ஏற்றுக்கொள்ளமாட்டாரோ என்ற பயம். அவர்களுக்கு நாம் சுவிசேஷத்தையே மறுபடியும் சொல்லவேண்டியிருக்கிறது. எபேசியர் 2-ஆம் அதிகாரம் கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான், நற்கிரியைகளைச் செய்கிறதற்குச் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. இரட்சிப்பைச் சம்பாதிக்க ஊழியம் செய்கிறவரால் ஒரு நாளும் உட்கார முடியாது. பெற்றுக்கொண்ட இரட்சிப்பிலிருந்து ஊழியம் செய்கிறவர், ஒரு மாலைப்பொழுது பாரத்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுத் தூங்கலாம். சீஷர்களுக்குச் சாப்பிடவும் நேரமில்லாமல் போனபோது, தனித்துச் சற்றே இளைப்பாறும்படி வாருங்கள் என்று கூப்பிட்டவர் நம் ஆண்டவர்.

நன்றி கிடைக்காத வருத்தத்தையும் லேசாக எண்ணாதீர்கள். பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன் மட்டும் திரும்பி வந்தபோது, மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவரே கேட்டார். ஆகவே, "யாருமே கண்டுகொள்ளவில்லை" என்று ஒரு ஊழியர் கண் கலங்கினால், மனுஷருடைய புகழ்ச்சியைத் தேடுகிறாயா என்று அவருக்குப் பிரசங்கம் செய்யவேண்டாம். கண்டுகொள்ளுங்கள், அது போதும்.

நாங்கள் சந்திப்பு ஊழியத்தில் கடைப்பிடிக்கிற சிலவற்றைச் சொல்கிறேன். யாரும் ஒரு வீட்டுக்கு எப்போதும் தனியே போவதில்லை, இரண்டு பேராகப் போகிறோம். அப்போது ஒருவருக்கு முடியாமற்போனாலும், அந்த நோயாளிக்குப் பழகின முகம் ஒன்று மிஞ்சும். ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டுப்புத்தகம் உண்டு. "வலது காது கேட்காது, இடப்பக்கம் உட்கார்ந்து பேசவும்." "மகனைப்பற்றிக் கேட்கவேண்டாம், அழுவார்." "23-ஆம் சங்கீதம் வாசித்தால் கூடவே சொல்வார்." புதிதாகப் பொறுப்பேற்கிறவர் அதை வாசித்துவிட்டுப் போனால், அந்த நோயாளி மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்கவேண்டியதில்லை. விட்டுப்போகிறவருக்கும் குற்ற உணர்வு இருக்காது. வருஷத்தில் சில வாரங்கள் கட்டாய ஓய்வும் உண்டு. வேண்டாம் என்றாலும் கொடுத்துவிடுகிறோம். இன்னொன்று, நோயாளியை விசாரித்த பிறகு, அவரைப் பார்த்துக்கொள்கிறவரைத் தனியே அழைத்து, "நீங்கள் நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?" என்று கேட்போம். பலர் அந்தக் கேள்விக்கே அழுதுவிடுவார்கள்.

சோர்ந்துபோகாதிருங்கள் என்று சபைகளுக்கு எழுதின பவுலுக்கும் ஒருவர் தேவைப்பட்டார். சிறையிலிருந்து ஒநேசிப்போருவைப்பற்றி எழுதுகிறார்: "அவன் அநேகந்தரம் என்னை இளைப்பாற்றினான்." ரோமாவுக்கு வந்தபோது அதிக ஜாக்கிரதையாய்த் தன்னைத் தேடிக் கண்டுபிடித்தான் என்கிறார். அப்போஸ்தலனாக இருந்தாலும் ஒருவர் தேடித்தான் வரவேண்டியிருந்தது.

அன்பானவர்களே, உங்கள் சபையில் அப்படித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவர் யார் என்று இந்நேரம் உங்கள் மனதில் ஒரு முகம் வந்திருக்கும். அவரிடம், "ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். அவர் சொல்லமாட்டார். என்ன கேட்பது என்று யோசிக்கக்கூட அவருக்குத் தெம்பு இருக்காது. நாளையும் நேரத்தையும் நீங்களே குறித்துக்கொண்டு போங்கள். "செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வருகிறேன். ஐந்து மணிவரை அப்பாவோடு நான் இருக்கிறேன். எப்படிப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று மட்டும் எனக்கு ஒருமுறை காட்டிக்கொடுங்கள்" என்று சொல்லுங்கள். அடுத்த செவ்வாய்க்கிழமையும் போங்கள்.